பத்து விநாடிக்கு ஒரு செய்தி எதற்கு?

பழனிமலைக்குச் சென்சார் பெட்டிகளோடு ஏறிவரும் இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு,



தை பிறந்தால் போதும், வத்தலக்குண்டு சாலையிலும் பழனி சாலையிலும் உங்கள் கல்லூரி வேன்களைப் பார்க்கலாம். பேராசிரியர் ஒருவர், மாணவர்கள் நாலைந்து பேர், யாரோ ஒருவர் மடியில் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் மைக்ரோகண்ட்ரோலர், லோரா ரேடியோ, லித்தியம் பேட்டரி. மூடியின் மேல் உள்ளங்கை அகலச் சோலார் பலகை. பூம்பாறைப் பக்கம் பூண்டு வயலில் மண்ணின் ஈரம், மன்னவனூரில் உருளைக்கிழங்குக்கு உறைபனி எச்சரிக்கை, கீழ்மலையில் காப்பித் தோட்டத்துக்குள் வரும் யானையும் காட்டுமாடும் என்று ஆளுக்கொரு திட்டம். மலைக்காரர்கள் யாரும் உங்களை விரட்டுவதில்லை. கம்பம் நட இடம் கொடுக்கிறோம், காப்பியும் கொடுக்கிறோம். ஆலைகளில் கருவிகளோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் பார்க்கிற ஆள் என்பதால், நான் மட்டும் ஒரு உரிமை எடுத்துக்கொண்டு உங்கள் நிரலையும் காட்டச் சொல்வேன்.

பெரும்பாலும் அந்த நிரலின் கடைசி வரி ஒன்றாகவே இருக்கிறது: பத்து விநாடி காத்திரு, மறுபடியும் அளந்து அனுப்பு. ஏன் பத்து என்று கேட்டால் பதில் வராது. முந்தைய ஆண்டு அண்ணன்கள் அப்படி எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மலை மடிப்புகளைத் தாண்டிச் சிக்னல் போக வேண்டும் என்று லோராவை அதன் மிக மெதுவான வேகத்தில், எஸ்.எஃப். 12-இல், வைத்திருப்பீர்கள். அந்த வேகத்தில் 20 பைட் செய்தி ஒன்று காற்றில் போய் முடிய ஏறத்தாழ 1.3 விநாடி ஆகும். அந்த நேரத்தில் ரேடியோ 40 மில்லியாம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து விநாடிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 8,640 செய்திகள். அனுப்பும் வேலை மட்டுமே நாளொன்றுக்கு 125 மில்லியாம்பியர்-மணி தின்றுவிடும். 2,500 மில்லியாம்பியர்-மணி பேட்டரி இருபது நாளில் காலி. மேலே சோலார் பலகை இருக்கிறதே என்பீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை வந்து பாருங்கள். மூடுபனி இறங்கினால் எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரமே தெரியாது, அந்தப் பலகைக்கு என்ன வெயில் கிடைக்கும்? இதே பெட்டி கால் மணிக்கு ஒருமுறை பேசினால் நாளுக்கு 96 செய்தி, ஒன்றரை மில்லியாம்பியர்-மணிக்கும் குறைவு.

பேட்டரியாவது உங்கள் சொந்தச் செலவு. காற்றுவெளி எல்லோருக்கும் பொது. பத்து விநாடிக்கு 1.3 விநாடி பேசும் பெட்டி, சேனலின் 13 சதவீத நேரத்தை அடைத்துக்கொள்கிறது. ஒரே பள்ளத்தாக்கில் இருபது பெட்டி வைத்தால் 260 சதவீதம்! லோராவான் விதிகள் இந்தியாவுக்கு வைத்திருக்கும் மூன்று அடிப்படைச் சேனல்களில் பங்கிட்டாலும் ஒவ்வொன்றிலும் 87 சதவீதம். யாரிடமும் கேட்காமல் நினைத்தபோது பேசும் அலோஹா முறையில் ஒரு சேனல் உருப்படியாகக் கடத்தக்கூடியது அதிகபட்சம் 18 சதவீதம்தான் என்பது 1970 வாக்கில் ஹவாயில் நார்மன் ஏப்ரம்சன் கண்ட கணக்கு. உங்கள் பாடத்திலேயே இருக்கும். ஆகவே இருபது பெட்டிகளும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு கத்தும், செய்திகளை வாங்கும் கேட்வேக்குப் போய்ச் சேருவது கொஞ்சம். இத்தனை கூச்சலிலும் சொல்லப்படுவது என்ன? மண் ஈரம் 41. மண் ஈரம் 41. மண் ஈரம் 41.

மாறாத ஒன்றை மறுபடி மறுபடி சொல்வதற்கு மாற்று இருக்கிறது. ஈவென்ட் ட்ரிகர்ட் கண்ட்ரோல், அதாவது நிகழ்வு தூண்டும் கட்டுப்பாடு. கடிகாரம் சொல்லும்போது செய்தி அனுப்பாமல், சொல்லும்படி ஏதாவது நடந்தால் மட்டும் அனுப்புவது. 1999-இல் பெய்ஜிங்கில் நடந்த தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கான உலக மாநாட்டில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு கட்டுரைகள் இதைப் பலர் பார்வைக்குக் கொண்டுவந்தன. கார்ல்-எரிக் ஆர்ஸேன், நீங்கள் எல்லோரும் படிக்கும் பி.ஐ.டி. கண்ட்ரோலரையே பிழை ஓரளவு மாறினால் மட்டும் கணக்குப் போடும்படி மாற்றி, கட்டுப்பாட்டின் தரம் சற்றே குறைய, கணினியின் வேலை வெகுவாகக் குறைவதைக் காட்டினார். கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோமும் போ பெர்ன்ஹார்ட்சனும் ஒரு எளிய கணக்கை எடுத்துக்கொண்டார்கள்: தற்செயலாக அலைந்து திரியும் ஒரு அளவை அவ்வப்போது பூஜ்யத்துக்குத் திரும்ப இழுக்க வேண்டும். சராசரியாக அதே எண்ணிக்கையில் இழுத்தாலும், கடிகாரப்படி இழுப்பதைவிட எல்லையைத் தொட்டதும் இழுத்தால் அலைச்சலின் பரவற்படி மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. செலவு அதே, பலன் மும்மடங்கு. அந்த மூன்று என்ற எண்ணை நீங்களே காகிதத்தில் வருவித்துப் பாருங்கள், அரைப் பக்கம்தான் ஆகும்.

நாளிதழ் படிக்கிற மதுரை, தேனிக்காரர்களுக்கு இந்த யோசனை புதிதே இல்லை. வைகை அணையின் உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. கொடைக்கானல் சாலையில் டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தி எதிர்ப்பக்கம் எலிவால் அருவியைப் பார்த்திருப்பீர்களே, அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது தேவதானப்பட்டிக்கு மேலே உள்ள மஞ்சளாறு அணை. அதன் உயரம் 57 அடி. எச்சரிக்கைகள் 51, 53, 55 அடிகளில். நீர்மட்டம் 40 அடியில் கிடக்கும் மாதங்களில் ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு ஒரு தகவலும் போகாது. போக வேண்டிய தேவையும் இல்லை. அதற்காக அணையில் அளவு பார்க்காமல் இருப்பதில்லை. தினமும் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கிறார்கள், காலை நாளிதழில் அந்த எண்கள் வரிசையாக வருகின்றன. அளப்பது ஒரு வேலை, ஊரைக் கூட்டிச் சொல்வது வேறு வேலை. உங்கள் நிரலில் இரண்டும் ஒரே வரியில் ஒட்டிக்கிடக்கின்றன. முதலில் அதைப் பிரியுங்கள்.

வைகையின் எண்களை இன்னொரு தடவை பாருங்கள். முதல் எச்சரிக்கைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டரை அடி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அரையே அடி. ஆபத்து நெருங்க நெருங்கச் செய்திகள் நெருங்கி வருகின்றன. 2007-இல் பாவ்லோ டபுவாடா எழுதிய, இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரையிலும் வரம்பு ஒரே எண்ணாக நிற்பதில்லை. கடைசியாக அனுப்பிய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை, இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதோடு ஒப்பிடச் சொல்கிறார் அவர். இலக்குக்கு வெகுதூரத்தில் இருக்கும்போது பெரிய வித்தியாசத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கிட்ட வந்தபின் சிறியதைக்கூடச் சொல்ல வேண்டும். இப்படி வைத்தால் அமைப்பு நிலைகுலையாது என்பதோடு, அடுத்தடுத்த இரண்டு செய்திகளுக்கு நடுவே குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் இருந்தே தீரும் என்பதையும் நிறுவினார்.

அந்தக் குறைந்தபட்ச இடைவெளிதான் உயிர்நாடி. காற்று பலமாக வீசினால் பழனியில் மலைக்கோயில் ரோப்காரை நிறுத்திவிடுகிறார்கள், தணிந்ததும் ஓட்டுகிறார்கள். 2004-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து பக்தர்களுக்குப் பழகிப்போன செய்தி அது. இந்த முடிவை உங்கள் பெட்டியிடம் ஒப்படைத்து, ஒரே ஒரு எண்ணை வரம்பாக வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மலைக்காற்று சீராக வீசாது. வரம்புக்கு மேலே ஒரு வீச்சு, கீழே ஒரு தணிவு, மறுபடி மேலே. நிறுத்து, ஓட்டு, நிறுத்து, ஓட்டு என்று கட்டளைகள் கொட்டும். கொஞ்ச நேரத்துக்குள் எண்ணற்ற நிகழ்வுகள் குவிந்துவிடும் இந்த நோய்க்கு ஆய்வாளர்கள் கிரேக்க நாட்டு ஜீனோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். மருந்து எளிது: நிறுத்த ஒரு எண், மறுபடி ஓட்ட அதைவிடத் தாழ்ந்த இன்னொரு எண், இரண்டுக்கும் நடுவே கட்டாயக் காத்திருப்பு. டபுவாடாவின் விதியை அப்படியே வைப்பவர்களும் இதைச் செய்தாக வேண்டும். ஏனென்றால் இலக்கைத் தொடும் இடத்தில் அவருடைய வரம்பு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்குகிறது. சென்சாரின் சாதாரண இரைச்சலே அங்கே நிகழ்வாகத் தெரியும். ஒரு சிறு மாறிலியைக் கூட்டிக்கொள்ளுங்கள், தொல்லை தீரும்.

அதே ரோப்காருக்கு மாதம் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை சில வாரங்களும் பராமரிப்பு விடுமுறை உண்டு. காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் அது தேதிப்படிதான். தேய்மானம் சத்தம் போட்டு அறிவித்துவிட்டு வருவதில்லை, அதனால் அதற்குக் கடிகாரமே சரி. எல்லாவற்றையும் நிகழ்வுக்கு மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவி என்ற அளவில் எனக்கு மிகப் பிடித்தது கவிழ் மழைமானி. உங்களில் பாதிப் பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை, ஆன்லைனில் வாங்கி அப்படியே கம்பத்தில் மாட்டிவிடுகிறீர்கள். ஒருமுறை மூடியைக் கழற்றுங்கள். மேலே புனல், கீழே நடுவில் தடுப்பு வைத்த ஒரு சிறு தொட்டி, சீசா பலகைபோல ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். புனலின் வாய் 20 சென்டிமீட்டர் அகலமும், ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீட்டர் மழையும் என்றால், ஆறேகால் மில்லிலிட்டர் சேர்ந்ததும் தொட்டி டக்கென்று மறுபக்கம் சாயும். அதில் ஒட்டிய காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்து போகும். கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு தகடுகள் ஒரு கணம் தொட்டுப் பிரியும். அந்தத் தொடுகைதான் தூங்கிக்கொண்டிருக்கும் மைக்ரோகண்ட்ரோலரை எழுப்புகிறது. மழை இல்லாத பங்குனி முழுக்க அது சில மைக்ரோஆம்பியரில் உறங்கலாம். நிகழ்வைக் கண்டுபிடிக்க மின்சாரமே செலவாகாத கருவி இது. மழையின் எடையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மண் ஈர சென்சாருக்கு இந்த வசதி கிடையாது. ஈரம் குறைந்ததா என்று தெரிய அது விழித்துப் பார்த்தே ஆக வேண்டும். நிகழ்வு முறை ரேடியோவின் செலவைத்தான் மிச்சப்படுத்தும், பார்க்கும் செலவை அல்ல. ஆகவே இரண்டையும் கலந்த முறையும் இருக்கிறது: கால் மணிக்கு ஒருமுறை விழித்துப் பார், மாற்றம் இருந்தால் மட்டும் வாய் திற. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் அனுப்பும் காட்டுத்தீ குறுஞ்செய்திகளும் இதே வகைதான். செயற்கைக்கோள் தன் நேரத்துக்குத் தலைக்கு மேல் கடந்து போகும். சூடான புள்ளி தெரிந்தால் மட்டும், அந்தப் பகுதிக்கு உரிய வனத்துறையினருக்கு மட்டும் செய்தி போகும்.

இன்னும் ஒரு படி போகலாம். அடுத்து எப்போது விழிக்க வேண்டும் என்பதைப் பெட்டியே கணக்கிட்டுக்கொண்டு தூங்கப் போவது. செல்ஃப் ட்ரிகர்ட் என்று படித்திருப்பீர்கள். மன்னவனூர் உறைபனிப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. மார்கழி மாலை ஆறு மணிக்குப் பதினாலு டிகிரி இருக்கிறது. மணிக்கு மிஞ்சிப்போனால் இத்தனை டிகிரிதான் இறங்கும் என்று அந்த ஊரின் பழைய அளவுகளிலிருந்து தெரியும். அப்படியானால் ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம். ஐந்து டிகிரிக்கு வந்துவிட்டால் பத்து நிமிடம். மூன்றுக்கு வந்தால் தூக்கமே கூடாது, தோட்டக்காரரையும் எழுப்ப வேண்டும்.

மழைமானிக்குத் திரும்புகிறேன், அதில் இன்னும் மூன்று சங்கதிகள் மிச்சமிருக்கின்றன. ரீட் சுவிட்சின் தகடுகள் தொடும்போது ஒரே தொடுகையாகத் தொடாது, நுண்ணியதாகத் துள்ளும். துள்ளலை வடிகட்டாவிட்டால் ஒரு கவிழ்ப்பு மூன்றாக எண்ணப்படும். தூறலைப் பெருமழை என்று எழுதிவைத்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஜீனோ நோய் இங்கே மில்லிவிநாடி அளவில் வந்து நிற்கிறது. இரண்டாவது: நிகழ்வு முறை என்றதும் சிலர் ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு செய்தி அனுப்ப எழுதிவிடுகிறார்கள். மணிக்கு 60 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் 0.2 மில்லிமீட்டர் தொட்டி 300 முறை கவிழும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் மந்தமான பெட்டியே அந்த ஒரு மணியில் இதைவிட இருபத்தைந்து மடங்கு சிக்கனம்! கவிழ்ப்பைப் பெட்டிக்குள்ளேயே எண்ணுங்கள். பத்து மில்லிமீட்டர் சேர்ந்தாலோ, வேகம் ஒரு அளவைத் தாண்டினாலோ மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. சராசரியைக் காட்டி 90 சதவீதம் மிச்சம் என்று அறிக்கையில் வரைபடம் போடுகிறீர்கள். மலைச்சாலையில் மண் சரிவதும் ஓடை பெருகுவதும் சராசரி நாளில் நடப்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் கிழக்குச் சரிவில் ஒரே இரவில் கொட்டும்போது, அந்தச் சரிவில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் நிகழ்வு நிகழ்கிறது. மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்த இருபது பெட்டிகளும் ஒரே நிமிடத்தில் பேச எழுந்தால் பழைய கூச்சல்தான் மறுபடியும். அதுவும் செய்தி மிகவும் தேவைப்படும் அந்த நிமிடத்தில்! ஒவ்வொரு பெட்டியும் அனுப்பும் முன் சில விநாடி தற்செயலாகக் காத்திருக்கட்டும். சாலை ஓரப் பெட்டிக்கு முன்னுரிமை இருக்கட்டும். பக்கத்துப் பெட்டி அதே சேதியைச் சொல்லிவிட்டால் இது அடங்கிக்கொள்ளட்டும். உங்கள் சோதனைக்கூட மேசையில் ஒரு பெட்டியை மட்டும் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இந்தச் சிக்கல் கண்ணில் படவே படாது. இருபது பெட்டிகளையும் ஒன்றாக நனைத்துப் பாருங்கள்.

சில்வர் ஓக் இலை ஒன்று புனலின் துளையில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மழை கொட்டும், தொட்டி அசையாது, பெட்டி பேசாது. கேட்வேயில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வறண்ட இரவு. கடிகாரப்படி பேசும் பெட்டி செத்தால் கால் மணியில் தெரிந்துவிடும். நிகழ்வுப்படி பேசும் பெட்டி செத்தால் அமைதி. ஒன்றும் நடக்காவிட்டாலும் அமைதி. எங்கள் கீழ்மலையில் ஒரு கல்லூரிக் குழு வைத்துவிட்டுப் போன யானைப் பெட்டி இரண்டு மாதம் ஒழுங்காகக் குறுஞ்செய்தி அனுப்பியது, பிறகு நின்றுவிட்டது. யானை இந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று அந்தத் தோட்டத்துக்காரர் நம்பி, விடியுமுன்னே பால் கறக்கப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் வாழைத்தோப்பு பாதி சாய்ந்து கிடந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்பு, பேட்டரி உப்பிப் போயிருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மௌனத்தையும் தகவலாக எண்ணலாம் என்று அழகாக எழுதியிருப்பார்கள். செய்தி வரவில்லை என்றால் அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று பொருள், அதை வைத்தே மதிப்பீட்டைச் சரிசெய்யலாம் என்று. கணக்கு சரிதான். செய்தி வழியில் தொலையாது, பெட்டி சாகாது என்று அந்தக் கணக்கு முதல் பக்கத்திலேயே அனுமானித்துக்கொண்டிருக்கும். மழையிலும் எறும்பிலும் அந்த அனுமானம் நிற்காது. ஆகவே ஒன்றும் நடக்காவிட்டாலும் நாளுக்கு நான்கு முறையாவது "இருக்கிறேன்" என்று ஒரு சின்னச் செய்தி, அதனோடு பேட்டரி வோல்டேஜ். முக்கியமான எச்சரிக்கைக்குக் கேட்வே பதில் சொல்லாவிட்டால் மறுபடி அனுப்பும் ஏற்பாடு. ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் மொபைல் ஸ்டார்ட்டருக்கு மிஸ்டு கால் கொடுத்துக் கிணற்று மோட்டாரைப் போடுகிறார்களே, அவர்களைக் கேளுங்கள்: போட்டேன் என்பதோடு விடமாட்டார்கள், மோட்டார் ஓடுகிறது என்று திரும்பத் தகவல் வந்தால்தான் தூங்கப் போவார்கள். காசே செலவாகாத நிகழ்வுச் செய்தி மிஸ்டு கால். அதற்கும் ஒரு பதிலைக் கட்டாயமாக்கிய புத்தி அவர்களுடையது.

கேமரா வைப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். உடல்சூட்டைக் கண்டு விழிக்கும் பி.ஐ.ஆர். கேமராக்கள் நிகழ்வு முறைதான், ஆனால் வெயில் பட்ட இலை காற்றில் ஆடினாலும் விழித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் வெற்றுப் படங்களை அனுப்பி அலைவரிசையை அடைக்காதீர்கள். முதலில் பி.ஐ.ஆர்., அது எழுப்பினால் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு அடையாளம் காணும் நிரல், அதுவும் ஆமாம் என்றால் மட்டும் ரேடியோ. கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளுக்காக வனத்துறை 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களோடு தொடங்கிய கண்காணிப்பில் வெப்பக் கேமராக்கள் ஓயாமல் பார்க்கின்றன, யானை தெரிந்தால் மட்டும் ரயில்வேக்குச் செய்தி போகிறது. அங்கே மின்சாரமும் கேபிளும் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது உள்ளங்கை அகலச் சோலார் பலகை.

இத்தனையும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் வரும் நீங்கள் படகு விட்டதும் கீழே இறங்கிவிடுகிறீர்கள். சூரிய ஆய்வகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 1899-இல் அமைந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். 1904 தொடங்கி, வானம் தெளிந்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். இன்று புள்ளி பெரிதாக இருக்கிறதா, சிறிதா, இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்த்துப் பொறுக்கவில்லை. புள்ளியே இல்லாத நாளின் வெற்றுச் சூரியனும் தட்டில் பதிந்திருக்கிறது. நூறாண்டுப் படங்களை எண்மமாக்கிச் சூரியச் சுழற்சிகளை ஒப்பிடுகிறவர்களுக்கு அந்த வெற்று நாட்களும் தரவுதான். எது நிகழ்வு என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் கடிகாரப்படி அளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நீங்கள் இந்த மலையின் தட்பவெப்பத்தைப் பதிந்து வைக்க வருகிறீர்களா, அல்லது ஒரு வால்வைத் திறக்கவும் ஒருவரை எழுப்பவும் வருகிறீர்களா? முன்னது என்றால் பெட்டிக்குள் ஒரு மெமரி கார்டு போட்டுக் கால் மணிக்கு ஒருமுறை எழுதுங்கள், மாதம் ஒருமுறை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், ரேடியோவே வேண்டாம். பின்னது என்றால் மட்டும் இந்த மடலின் மற்றப் பக்கங்கள்.

வரம்பு எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பல திட்டங்கள் தடுமாறுகின்றன. உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய்க்குப் பிரிட்டனில் 1950-களில் ஒரு அளவுகோல் வைத்தார்கள்: அடுத்தடுத்து இரண்டு நாள் குறைந்தபட்ச வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் 11 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. 2017-இல் அங்கேயே அந்த 11 மணியை 6 ஆகக் குறைத்துவிட்டார்கள். இதில் கற்றுக்கொள்ள இருப்பது, நிகழ்வு என்பது ஒரு கோட்டைத் தாண்டுவது மட்டுமல்ல, ஒரு நிலை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதாகவும் இருக்கலாம் என்பது. ஆனால் நாள்கணக்கில் மூடுபனி விலகாத மேல்மலையில் அந்த எண்களை அப்படியே நட்டால், பெட்டி ஓயாமல் மணி அடிக்க வாய்ப்பிருக்கிறது. நாலு தடவை வீணாக எழுப்பப்பட்டவர் ஐந்தாம் தடவை போனை அணைத்துவிடுவார். வீண் எச்சரிக்கையால் எவ்வளவு தொல்லை, தவறவிட்ட எச்சரிக்கையால் எவ்வளவு நஷ்டம் என்பதைப் பயிர் வைத்தவர்தான் சொல்ல முடியும். பூண்டுக்காரர் ஒரு எண் சொல்வார், கேரட்காரர் வேறு எண் சொல்வார். இரண்டையும் வாங்குங்கள்.

பக்கத்து ஆனைமலையில், வால்பாறையில், இதைச் சரியாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்தகுமாரும் அவரது குழுவினரும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானை எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பகுதி மக்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரியாகவும் சொல்லி வந்தார்கள். தூரத்திலிருந்தே தெரியும்படி கம்பங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். யானை ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்தால், போன் செய்து அந்த விளக்கை எரிய விடலாம். விளக்கை இயக்கும் பொறுப்பைத் தோட்டத்து மக்களிடமே கொடுத்தார்கள். சென்சார் மனிதர்தான், வரம்பு ஒரு கிலோமீட்டர், செய்தி ஒரு சிவப்பு வெளிச்சம். அந்தப் பணிக்காக 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. வேலை முடிந்து இருட்டில் இறங்கி நடக்கும் தொழிலாளிக்கு யானையின் அட்சரேகை தீர்க்கரேகை தேவையில்லை என்பதைப் புரிந்துகொண்ட வடிவமைப்பு அது. உங்கள் டாஷ்போர்டில் ஓடும் வண்ண வரைபடங்களைவிட அதை நான் மேலாக மதிக்கிறேன்.

அடுத்த தடவை ஏறிவரும்போது இந்த ஏற்பாட்டோடு வாருங்கள். எந்த எண்ணையும் நிரலில் எழுதும் முன் தோட்டக்காரரோடு அரை மணி உட்காருங்கள். எதற்கு எழுப்ப வேண்டும், எதற்கு எழுப்பக் கூடாது என்று அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியின் மூடியில் ஒரு தொலைபேசி எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும் எடுக்கக்கூடிய எண்ணாக அது இருக்க வேண்டும், ஆகவே துறையின் எண்ணாகவே இருக்கட்டும். "இருக்கிறேன்" செய்தி நின்றால் யார் வந்து பார்ப்பார் என்பதை முடிவு செய்துவிட்டுக் கம்பம் நடுங்கள். திட்டம் முடிந்ததும் பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்விடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை இந்த மலையில் போட எங்களுக்கு இடமில்லை.

அன்புடன்,
தாண்டிக்குடியிலிருந்து
ஒரு பழைய கருவிப் பொறியாளன்